பிடிப்பது பாதி வேலை... விடுவதுதான் மீதி!

இங்கிலாந்து ஆற்றங்கரையில் 'பைக்' மீனுக்காக ஓர் இலையுதிர்கால மதியம்

பிடித்த மீனை என்ன செய்வீர்கள்? நம் வீடுகளில் இப்படிக் கேட்டால், கேட்டவரை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். குழம்பா, வறுவலா என்பதைத் தவிர இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஆனால், ஐரோப்பாவில் இந்தக் கேள்விக்கு நாட்டுக்கு நாடு பதில் மாறுகிறது. சுவிட்சர்லாந்தில், திரும்ப விட்டுவிடும் எண்ணத்தோடு தூண்டில் போடுவதே சட்டப்படி தவறு. சாப்பிடுவதற்கென்றால் பிடி, இல்லையென்றால் மீனைத் தொந்தரவு செய்யாதே என்கிறது அந்த நாட்டின் விலங்குப் பாதுகாப்பு விதி. ஜெர்மனியிலும் ஏறக்குறைய இதே நிலைதான். அங்கே நியாயமான காரணம் இல்லாமல் ஓர் உயிருக்கு வலி கொடுக்கக் கூடாது. சாப்பாடு நியாயமான காரணம். பொழுதுபோக்கு அப்படியல்ல.

கடலைத் தாண்டி இங்கிலாந்துக்குப் போனால் கதை தலைகீழ். அங்கே ஆற்றில் பிடிக்கும் பைக் மீன் 65 சென்டிமீட்டருக்கு மேல் நீளமாக இருந்தால், திரும்ப ஆற்றில் விட்டே ஆக வேண்டும். அதற்குள் இருந்தாலும் ஒரு நாளைக்கு ஒன்றைத்தான் வீட்டுக்கு எடுத்துப்போகலாம். அந்த ஒன்றையும் பெரும்பாலானவர்கள் எடுப்பதில்லை. மணிக்கணக்கில் குளிரில் உட்கார்ந்து, பிடித்து, விட்டுவிட்டு, வெறுங்கையோடு சந்தோஷமாக வீட்டுக்குப் போகிறார்கள்.

இது என்ன விளையாட்டு? போன ஆண்டு நவம்பர் தொடக்கத்தில், கேம்பிரிட்ஜில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது, ஒரு மதியம் முழுக்கப் பக்கத்தில் இருந்து பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது.

யார் இந்த 'பைக்'?

பெயரைக் கேட்டதும் இரண்டு சக்கரம் நினைவுக்கு வந்தால் தப்பில்லை. ஆங்கிலத்தில் 'பைக்' என்றால் நீண்ட ஈட்டி என்றும் ஒரு பொருள் உண்டு. மீனும் ஈட்டி மாதிரிதான் இருக்கிறது. நீளமான உடல், வாத்தின் அலகு போலத் தட்டையான மூக்கு, முதுகுத் துடுப்பு வாலுக்குப் பக்கத்தில். ஐரோப்பா, வட ஆசியா, வட அமெரிக்கா என்று குளிர்ப் பிரதேச நன்னீர் முழுக்க இருக்கும் வேட்டை மீன் இது.

துரத்திப் பிடிக்கும் ரகம் இல்லை. நம்மூர் விரால் போலப் பாசி ஓரத்திலும் நாணல் மறைவிலும் அசையாமல் காத்திருக்கும். பச்சை உடலும் வெளிர் மஞ்சள் புள்ளிகளும் தண்ணீருக்குள் வெயில் விழுந்த செடியைப் போலவே இருப்பதால், பக்கத்தில் வரும் சின்ன மீனுக்கு ஆபத்து தெரியாது. பின்பக்கம் குவிந்திருக்கும் துடுப்புகளும் வாலும் ஒரே உதையில் அதை அம்பு போலத் தள்ளும். வாய்க்குள் நூற்றுக்கணக்கான பற்கள். மேல் அண்ணத்தில் இருக்கும் சிறு பற்கள் தொண்டையைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். உள்ளே போகலாம், வெளியே வர முடியாது.

மீன், தவளை, வாத்துக்குஞ்சு, நீர் எலி என்று எதையும் விடாது. தன் இனத்துக் குஞ்சுகளையும் சாப்பிடும். பெண் மீன்தான் பெரிதாக வளரும். ஆண் மீன் 4, 5 கிலோவைத் தாண்டுவது அபூர்வம். தூண்டிலில் பிடிபட்டதில் உலக சாதனையாகப் பதிவான பைக் 1986-ல் ஜெர்மனியில் கிடைத்தது. எடை சுமார் 25 கிலோ!

இப்படிப்பட்ட மீனைப் பற்றிக் கட்டுக்கதைகள் இல்லாமல் இருக்குமா? 1497-ல் ஜெர்மனியில் ஒரு பைக் பிடிபட்டதாம். அதன் உடலில் இருந்த வளையத்தில், 267 ஆண்டுகளுக்கு முன் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக் அதை நீரில் விட்டதாக எழுதியிருந்ததாம். அந்த மீனுடையது என்று சொல்லி மான்ஹைம் நகரத்தில் ஓர் எலும்புக்கூட்டை வைத்திருந்தார்கள். பிற்காலத்தில் ஆராய்ந்தபோது முதுகெலும்புக் கண்ணிகள் கணக்குக்கு மேல் இருந்தன. பல மீன்களின் எலும்பை ஒட்டவைத்த வேலை அது! உண்மையில் பைக் மீன்கள் பெரும்பாலும் 10, 15 ஆண்டுகள்தான் வாழும்.

ஏன் இலையுதிர் காலம்?

இங்கிலாந்து ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தூண்டில் போடத் தடை. பல மீன்களுக்கு அது முட்டையிடும் காலம். ஜூன் 16-ல் தடை முடிந்தாலும், பைக் பிடிப்பவர்கள் உடனே கிளம்புவதில்லை. அக்டோபர் வரை பொறுமையாக இருக்கிறார்கள். அதற்குக் காரணம் சம்பிரதாயம் மட்டுமல்ல.

தண்ணீர் சூடாக இருந்தால் அதில் ஆக்சிஜன் குறையும். பைக், ஓட்டப்பந்தய வீரரைப் போல ஒரே மூச்சில் பாய்வதற்குப் படைக்கப்பட்ட மீன். நீண்ட நேரம் போராடினால் துவண்டுவிடும். கோடையில் பிடித்து, எவ்வளவு கவனமாக விட்டாலும், கண்ணுக்கு எட்டாத தூரம் போய் இறந்துவிடக்கூடும். குளிர்ந்த நீரில் அது தேறிவிடும்.

இன்னொரு காரணம், மீன் இருக்கும் இடம். அக்டோபரில் நீர்ச்செடிகள் பட்டுப்போக ஆரம்பிக்கும். அதுவரை செடிகளுக்குள் சிதறிக் கிடந்த ரோச், பிரீம் போன்ற சின்ன மீன்கள் மறைவிடம் இழந்து கூட்டமாகச் சேரும். படகுத்துறை, பாலத்தடி, ஆழமான வளைவு என்று ஒதுங்கும். பைக்கும் பின்னாலேயே வரும். அடுத்த வசந்தத்தின் தொடக்கத்தில் முட்டையிட வேண்டிய பெண் மீன்களின் வயிற்றில் இப்போதே முட்டை வளரத் தொடங்கியிருக்கும் என்பதால், அவை நன்றாகச் சாப்பிட்டாக வேண்டிய பருவமும் இதுதான்.

ஈலி ஆற்றங்கரையில்...

உறவினரின் பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். 14 வயதுப் பேத்தியோடு கிளம்பிக்கொண்டிருந்தவர், "பார்க்க வருகிறீர்களா? ரொம்பக் குளிரும், பெரும்பாலும் ஒன்றும் நடக்காது" என்று நேர்மையாக அழைத்தார்.

போன இடம் ஈலி. கேம்பிரிட்ஜிலிருந்து ரயிலில் கால் மணி நேரம். விலாங்கு மீனால்தான் இந்த ஊருக்கே இந்தப் பெயர் வந்தது என்பார்கள். ஒரு காலத்தில் சுற்றிலும் சதுப்புநிலம். 17-ம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர் வெர்மேடன் கால்வாய்கள் வெட்டி நீரை வடியவைத்த பிறகு, இன்று கண்ணுக்கு எட்டிய வரை தட்டையான கறுப்பு மண் வயல்கள். நடுவில் பிரமாண்டமான தேவாலயம். அதன் காலடியில் கிரேட் ஊஸ் ஆறு, ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாத வேகத்தில் போகிறது.

ஊரைத் தாண்டி, வில்லோ மரங்கள் மஞ்சள் இலைகளை உதிர்த்துக்கொண்டிருந்த ஒரு வளைவில் உட்கார்ந்தோம். மதியம் பன்னிரண்டரை மணி. நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதால் நேரம் குறைவு.

முதலில் காட்டியது, தூண்டிலை அல்ல. உரிமத்தை. 13 வயது ஆனவர்கள் எல்லோரும் அரசின் தூண்டில் உரிமம் வைத்திருக்க வேண்டும். 16 வயது வரை அது இலவசம். இல்லாமல் பிடித்தால் 2,500 பவுண்ட் வரை அபராதம் விழலாம். அதுபோக, அந்தக் கரையைப் பராமரிக்கும் சங்கத்துக்குத் தனிக் கட்டணம்.

அடுத்து வெளியே வந்தது இரை. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்மூர் மத்தி! சூப்பர் மார்க்கெட்டில் வாங்கி, ஃப்ரீசரில் வைத்து, செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்திருந்தார். "எங்கள் ஊரில் இதைக் குழம்பு வைத்து நாங்கள் சாப்பிடுவோம்" என்றேன். "பைக்குக்கும் ருசி தெரியும்" என்றார். பைக் உயிருள்ளதைத்தான் பிடிக்கும் என்றில்லை. அடியில் கிடக்கும் செத்த மீனையும் மோப்பம் பிடித்து எடுக்கும். மத்தி, கானாங்கெளுத்தி போன்ற எண்ணெய்ச் சத்துள்ள கடல் மீன்களின் வாசனை ஆற்றில் வெகுதூரம் பரவுமாம்.

நரம்பின் நுனியில் ஒன்றரை அடிக்கு எஃகுக் கம்பி. சாதாரண நரம்பை பைக் பல்லால் அறுத்துவிடும். அறுத்துக்கொண்டு போனால் நமக்கு மீன் போச்சு, அவ்வளவுதான். மீனுக்கோ வாயில் முள்ளோடு வாழ்க்கை. கம்பி கட்டுவது மீனை இழக்காமல் இருப்பதற்காக மட்டுமல்ல, மீன் அவஸ்தைப்படாமல் இருப்பதற்காகவும்தான். முள்ளில் இருக்கும் எதிர்க்கொக்கிகளில் பெரும்பாலானவற்றைக் குறட்டால் நசுக்கிவைத்திருந்தார். சுலபமாகக் கழற்ற வேண்டுமே!

பிறகு ஒரு மெத்தை விரித்தார். நாங்கள் உட்காரத்தான் என்று நினைத்தேன். பிடிபடும் மீனைப் படுக்கவைப்பதற்காம்! ஆற்றுத் தண்ணீர் ஊற்றி அதை நனைத்துவைத்தாள் பேத்தி. பக்கத்தில் நீண்ட இடுக்கி, கம்பி வெட்டும் குறடு, பெரிய கைவலை. ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தயாராவதுபோல வரிசையாக அடுக்கினாள். இவை இல்லாமல் பைக் பிடிக்க வருபவரோடு தாத்தா பேசவே மாட்டாராம்.

மூன்று மணி நேரக் காத்திருப்பு

அவர் சொன்னபடியே ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு கம்புகள், இரண்டு மத்தி. ஒரு மீன்கொத்தி நீலக் கோடு போட்டதுபோல ஆற்றைத் தாண்டிப் போனது. பல்கலைக்கழகப் படகோட்டிகள் எட்டுப் பேர் ஒரே தாளத்தில் துடுப்புப் போட்டுக் கடந்தார்கள். அன்னங்கள் வந்து எட்டிப் பார்த்தன. ஒரு காலத்தில் தூண்டில்காரர்கள் பயன்படுத்திய ஈயக் குண்டுகளை விழுங்கி ஏராளமான அன்னங்கள் இறந்தன. 1987-ல் பெரும்பாலான ஈயக் குண்டுகளின் விற்பனையைத் தடை செய்த பிறகு நிலைமை மாறியது.

பிளாஸ்கில் இருந்த டீயும் தீர்ந்த நேரத்தில் தாத்தா பழைய கதை சொன்னார். அவர் சிறுவனாக இருந்தபோது, பைக்கை யாரும் மதித்ததில்லை. டிரவுட் மீன்களைத் தின்னும் திருடன் என்று, கண்ட இடத்தில் கொன்று கரையில் வீசிவிடுவார்களாம். தூண்டில் போடும் முறையும் வேறு. தக்கை இழுபட்டதும் உடனே சுண்டக் கூடாது, மீன் நன்றாக விழுங்கும் வரை காத்திருக்க வேண்டும் என்பார்களாம். விழுங்கிய முள்ளை எப்படி எடுப்பது? வயிற்றை அறுத்துத்தான்.

கொன்றதால் டிரவுட் பெருகியதா? பைக் விஷயத்தில் கணக்கு வேறு மாதிரி. சின்ன பைக்குகளைத் தின்று எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைத்திருப்பது பெரிய பைக்தான். பெரியவற்றை எடுத்துவிட்டால், ஆற்றில் நிறையச் சின்ன பைக்குகள் பிழைத்துக்கொள்ளும். ஒரு பெரிய திருடனைப் பிடித்துவிட்டு, ஊர் முழுக்கச் சில்லறைத் திருடர்களை விட்டுவைத்த கதை. இதைப் புரியவைக்கவும், மீனைச் சேதமில்லாமல் கையாளக் கற்றுக்கொடுக்கவும் பைக் பிடிப்பவர்களே 1977-ல் பிரிட்டனில் தனிச் சங்கம் தொடங்கினார்கள். தடித்தோல் ராட்சசன்போலத் தெரியும் இந்த மீன், மனிதர் கையில் எளிதாகச் செத்துவிடும் மீன் என்பதுதான் அவர்கள் சொன்ன முதல் பாடம்.

இதை நம்மூர் ஆட்கள் நம்புவது கஷ்டம். சந்தையில் விரால், பானைத் தண்ணீரில் மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கும். காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் வசதி அதற்கு உண்டு. பைக்குக்கு அது கிடையாது. தண்ணீரை விட்டு வெளியே வந்த நொடியிலிருந்து அதற்குக் கெடு ஆரம்பம்.

"எடை பார்க்கணுமா?"

மூன்றரை மணி இருக்கும். பேத்தியின் கம்பில் இருந்த தக்கை ஒரு முறை குலுங்கியது. பிறகு சாவகாசமாக, யாரோ கையைப் பிடித்து அழைத்துப்போவதுபோல, நாணலை நோக்கி நகர ஆரம்பித்தது.

தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. அவள் எழுந்தாள், தளர்ந்த நரம்பைச் சுற்றி இழுத்தாள், உடனே சுண்டினாள். கம்பு வில்லாக வளைந்தது. மீன் ஆழத்துக்குப் போய் ஒரே இடத்தில் தலையை ஆட்டியது. கம்பு டக், டக் என்று அதிர்ந்தது எனக்கே தெரிந்தது. கரைக்குப் பக்கத்தில் வந்ததும் ஒரு பாய்ச்சல். பெரிய வாயைத் திறந்தபடி பாதி உடல் வெளியே வந்து, தண்ணீரைச் சிதறடித்துவிட்டு உள்ளே போனது. அடுத்த முறை மேலே வந்தபோது தாத்தா கைவலையில் வாங்கிவிட்டார்.

முக்கால் மீட்டருக்கு மேல் இருந்தது. அவள் வாழ்க்கையில் பிடித்ததிலேயே பெரிய பைக். "10 பவுண்ட் இருக்கும்ல தாத்தா?" என்று குரல் நடுங்கக் கேட்டாள். பைக் பிடிப்பவர்களுக்கு 10 பவுண்ட், அதாவது நாலரைக் கிலோ, ஒரு மைல்கல். 20 பவுண்ட் கனவு.

மெத்தையில் படுக்கவைத்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. கம்பியில் இருந்த இரண்டு முள்களில் ஒன்று வாய் ஓரத்தில். மற்றொன்று செவுளுக்குப் பக்கத்தில், உள்ளே. உடனே சுண்டினாலும் சில சமயம் இப்படி ஆகும். செவுள் இழைகள் கிழிந்தால் ரத்தம் நிற்காது.

கீழ்த்தாடைக்கு அடியில், செவுள் மூடியின் ஓரமாக இரண்டு விரலை நுழைத்து அவள் மீனின் தலையைத் தூக்கினாள். வாய் தானாகத் திறந்தது. முதல் முள் உடனே வந்துவிட்டது. இரண்டாவது வரவில்லை. "வரலைன்னா முள்ளையே வெட்டிடு" என்று குறட்டை நீட்டினார் தாத்தா. அவள் வேண்டாமென்று தலையாட்டி, செவுள் திறப்பு வழியாக இடுக்கியை விட்டு, முள்ளை மெல்லத் தலைகீழாகத் திருப்பினாள். வெளியே வந்துவிட்டது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

ஆனால், இதற்குள் இரண்டு நிமிடம் கடந்திருந்தது. தராசு பையில் இருக்கிறது. எடுக்க வேண்டும், பையை நனைக்க வேண்டும், மீனை அதில் வைத்துத் தூக்க வேண்டும். போட்டோ வேறு. "எடை பார்க்கணுமா? நீதான் சொல்லணும்" என்றார் தாத்தா.

அவள் மீனின் செவுளைப் பார்த்தாள். மெதுவாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. "வேண்டாம்" என்றாள். சந்தோஷமாகச் சொல்லவில்லை, அழுகை வராத குறை.

கைவலையோடு தண்ணீருக்குக் கொண்டுபோய், நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். விட்டால் சாய்ந்தது. மறுபடி பிடித்தாள். குளிர்ந்த தண்ணீரில் கைகள் சிவந்துவிட்டன. ஐந்து நிமிடம் இருக்கலாம், எங்களுக்கு அரை மணி நேரம்போல இருந்தது. பிறகு வால் ஒரு முறை அசைந்தது. அடுத்த உதையில் அவள் முகத்தில் தண்ணீர் அடித்துவிட்டு மீன் போய்விட்டது.

"9 பவுண்ட்" என்றார் தாத்தா. "10" என்றாள் அவள். இருட்டி, பொருட்களைக் கட்டி, ரயில் நிலையம் வரும் வரை இந்த வாக்குவாதம் முடியவில்லை.

அப்படியானால் எது சரி?

வழியில் நான் கேட்டேவிட்டேன். "விடப்போகிற மீனை எதற்குப் பிடிக்க வேண்டும்? அதற்கு வலிக்காதா?"

விஞ்ஞானத்தில் இது பழைய சண்டை. 2003-ல் எடின்பரோ அருகே ராஸ்லின் நிறுவன ஆய்வாளர்கள், டிரவுட் மீனின் முகத்திலும் வாயைச் சுற்றியும் வலியைத் தூண்டும் விஷயங்களை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். அந்த உணர்வு நாம் அனுபவிக்கும் 'வலி'தானா என்று இன்றும் வாதம் நடக்கிறது. சுவிஸ் சட்டம், சந்தேகத்தின் பலனை மீனுக்குக் கொடுக்கிறது. வயிற்றுக்காகக் கொல், வேடிக்கைக்காக வதைக்காதே என்பதை மறுத்துப் பேசுவது சுலபமல்ல.

சாப்பிட முடியாத மீனும் அல்ல இது. ஒய் வடிவ முள்கள் நிறைய உண்டு, அவ்வளவுதான். பிரான்ஸின் லியோன் நகரத்தில் பைக் சதையை அரைத்து, முட்டையும் வெண்ணெயும் சேர்த்துக் கொழுக்கட்டைபோலச் செய்யும் 'குனெல்' பிரபலம். கிழக்கு ஐரோப்பிய யூதக் குடும்பங்களின் பண்டிகை மீன் உருண்டையிலும் பைக்குக்கு இடமுண்டு. இங்கிலாந்திலேயே ஐசக் வால்டன் 1653-ல் வெளியிட்ட புகழ்பெற்ற தூண்டில் நூலில், சிப்பியும் நெத்திலியும் வெண்ணெயும் அடைத்து பைக்கைச் சுடும் செய்முறை இருக்கிறது.

தாத்தாவின் பதில் வேறு கோணத்தில் இருந்தது. "வலிக்காது என்று நான் சொல்ல மாட்டேன். அதனால்தான் மெத்தையும் இடுக்கியும் வைத்திருக்கிறேன். ஆனால், இந்த ஆற்றில் பைக் இருக்கிறதா, தண்ணீர் கெட்டுவிட்டதா என்று நாங்கள்தான் வாராவாரம் வந்து பார்க்கிறோம். நாங்களும் வராவிட்டால் அதை யார் கவனிப்பார்கள்?"

பேத்தியிடம் கேட்டேன். "தெரியலை. ஆனா, நான் பிடிச்சா அதை உயிரோட அனுப்ப வேண்டியது என் வேலை" என்றாள்.

இரு பக்கத்திலும் நியாயம் இருப்பதுபோலத்தான் எனக்குப் பட்டது. சாப்பிடுவதற்காக ஒரே ஒரு மீனை எடுத்துப்போகிறவரும், மெத்தை விரித்துக் காத்திருக்கிறவரும் ஒரு விஷயத்தில் ஒன்று. இருவரும் அந்த மீனுக்குக் கணக்குச் சொல்லத் தயாராக இருக்கிறார்கள். பிடித்துக் கரையில் வீசிவிட்டுப் போன அந்தக் காலத்துப் பழக்கத்துக்குத்தான் எந்த நாட்டிலும் பதில் இல்லை.

இங்கிலாந்தின் பழைய மதுக்கூடங்கள் சிலவற்றில், கண்ணாடிப் பெட்டிக்குள் பதப்படுத்திய பெரிய பைக் மீன்களை இன்றும் பார்க்கலாம். கீழே எடையும் தேதியும் எழுதியிருக்கும். நூறு வருடத்துக்கு முன்னால் பெருமை என்றால் அதுதான். இன்று பைக் பிடிப்பவர்கள் போனில் புகைப்படங்களைச் சேமிக்கிறார்கள். ஒவ்வொரு பைக்கின் உடல் புள்ளிகளும் ஒவ்வொரு மாதிரி இருப்பதால், நம் கைரேகைபோல, அதே மீன் மறுபடி கிடைத்தால் படத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். போன வருடத்தைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்ப்பதில் அவர்களுக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி.

ஈலி மீனுக்குப் படம் இல்லை, எடையும் இல்லை. அந்த வளைவில் இந்த அக்டோபரில் யாருக்காவது அது கிடைத்தால், கண்டிப்பாக 10 பவுண்டைத் தாண்டியிருக்கும் என்கிறாள் பேத்தி. தாத்தா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.